பெருமரத்தடி ரோசாவுக்கு அயலாக என்ன நடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் எங்கள் வீட்டு மதிலோரம் உரப்பையிலும் சாடியிலும் பூக்கண்டு வைத்து விற்கிறேன். பெரிய வியாபாரம் ஒன்றுமில்லை. ஆனால் கண்டு வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர், காசை எடுக்குமுன் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: வளவில் பெரிய மரம் நிற்கிறது, அதற்குக் கீழே ரோசா வைத்திருக்கிறேன், பக்கத்தில் என்ன வைக்கலாம்? ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன. பதில்கள் பெரும்பாலும் எழுவான்கரை (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பக்கம்) மணலை மனதில் வைத்து எழுதியவை; வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறை உள்பகுதிகளிலும் மண் கனமானது, அங்கே மாறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

மாமரத்துக்குக் கீழ ரோசா வருமா, வராதா? ஒரே சொல்லில சொல்லுங்க.

அடியில் வராது, ஓரத்தில் வரும்.

ஒரே சொல் போதாதென்றால்: மரத்தின் தண்டுக்கும் கவிகையின் விளிம்புக்கும் நடுவே வைத்த ரோசா இலையாக நீளும், பூக்காது. கொப்புகள் முடிகிற இடத்துக்குச் சற்று வெளியே, மழைநீர் சொட்டுகிற வட்டத்தையும் தாண்டி வைத்தால் பூக்கும். இந்தப் பக்கத்தில் "மரத்தடி" என்று நான் சொல்வதெல்லாம் அந்த விளிம்பைத்தான்.

வெயில் காணுமா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

ஒரு லீவு நாளில் காலை 7 மணியிலிருந்து மணிக்கொரு தடவை போய்ப் பாருங்கள். கண்டு நிற்கும் இடத்தில் வெயில் விழுந்தால் ஒரு கல்லை வையுங்கள். மாலையில் கற்களை எண்ணினால் ஆறு இருக்க வேண்டும். ஐந்து என்றால் சிறிய பூ பூக்கும் ரோசாக்களும் பன்னீர் ரோசாவும் சமாளிக்கும். நாலும் அதற்குக் கீழும் என்றால் அந்த இடத்தில் ரோசாவை மறந்துவிடலாம்.

ஒரு நாள் எண்ணியதோடு விட்டுவிடவும் கூடாது. நமக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்தை அண்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சியில் வரும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சரிந்து நிற்கும். மாரியில் தெற்கே நன்றாகவே இறங்கிவிடும். அதனால் மரத்துக்கு வடக்குப் பக்கம் ஜூனில் வெயிலாக இருந்த இடம் டிசம்பரில் முழு நிழல். "போன கோடையில நல்லாப் பூத்திச்சு, இப்ப என்ன வந்திச்சோ" என்று கேட்பவர்களில் பலருக்கு வந்தது இதுதான்.

அப்ப மரத்துக்கு எந்தப் பக்கம் நல்லம்?

கிழக்கு. அங்கே காலை வெயில் வருடம் முழுக்கக் கிடைக்கும். இரவில் இலையில் தங்கிய ஈரம் வெள்ளனவே காய்ந்துவிடும், கரும்புள்ளி நோய் பிடிக்க அந்த ஈரம்தான் வேண்டும். பிற்பகலில் வெயில் மேற்கே சாயும்போது மரம் குறுக்கே நின்று மறைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, கச்சான். நான் சொல்வது வறுத்துத் தின்கிற கச்சானை அல்ல, மே தொடங்கி ஓகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து அனலாக வீசுகிற காற்றை. ஒரே கிழமையில் ரோசா மொட்டைக் கருக்கிவிடும். கிழக்கில் நின்ற கண்டுக்கு மரமே மதில். மலைநாட்டில் மரநிழல் ரோசாவுக்குப் பகை என்பார்கள். இங்கே சரியான பக்கத்தில் நின்றால் அது பாதி உதவிதான். துணைச்செடி தேடுமுன் மரத்தைத் துணையாக்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ரோசாவத் தனிய விட்டா என்ன? பக்கத்தில செடி எதுக்கு?

தனியே விடலாம், குற்றமில்லை. ஆனால் மரத்தடி மணல் வெறுமையாகக் கிடந்தால் கோடையில் கொதிக்கும், தண்ணீர் நிற்காது. மாரியில் சொட்டுத்தண்ணீர் மண்ணைக் கிளப்பி அடியிலைகளில் தெறிக்கும். விழுந்து கிடக்கும் நோயிலைகளிலிருந்து கரும்புள்ளி மேலே ஏறுவது அந்தத் தெறிப்பில்தான். தரையை மூடிய தாழ்ந்த செடி இரண்டையும் தடுக்கும்.

எனவே துணைச்செடிக்கு நான் வைக்கிற பரீட்சை அழகு அல்ல. ரோசாவைவிடக் குறைவாகச் சாப்பிட வேண்டும், குறைவாகக் குடிக்க வேண்டும், வேர் மேலோட்டமாக இருக்க வேண்டும், முழங்காலுக்கு மேலே வளரக்கூடாது. மரம் ஏற்கெனவே பெரிய சாப்பாட்டுக்காரன். பந்தியில் இன்னொருவனை இருத்தப் பார்க்காதீர்கள்.

சரி, பெயரச் சொல்லுங்க. என்னென்ன வைக்கலாம்?

முதலில் வைக்கக்கூடாத இடம். ரோசாவின் அடியைச் சுற்றி ஒரு சாண் எதுவும் வேண்டாம். சருகும் மாட்டெருவும் மட்டும். அதற்கு வெளியே, ரோசாவுக்கும் ரோசாவுக்கும் நடுவில், எனக்குப் பிடித்தது கற்பூரவள்ளி. அரைநிழலிலும் இருக்கும், தண்ணீர் மறந்தாலும் சாகாது, தடித்த இலை தரையை மூடிவிடும், பிள்ளைக்குச் சளியென்றால் கிள்ளியும் எடுக்கலாம். கை நீட்டும்போது வெட்டிவிடுங்கள், ஒடித்த கொப்பெல்லாம் முளைக்கும். தினமும் தண்ணீர் ஊற்றுகிற இடமென்றால் வல்லாரை. படுவான்கரைக் களிமண்ணில் இது இன்னும் நன்றாக வரும், சம்பலுக்கும் ஆகும். மழை லில்லிக் கிழங்குகளை இடையிடையே புதைத்துவிட்டால் கோடையில் சத்தமில்லாமல் கிடந்து, ஒக்டோபர் முதல் மழைக்கு நாலைந்து நாளில் பூத்து நிற்கும். மஞ்சள் பூப்பூக்கும் படர்கச்சானும் நல்லது, அவரை இனமென்பதால் மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்க்கும், நிழலும் தாங்கும். ஆனால் கிழமைக்கொரு தடவை எல்லை காட்ட வேண்டும்.

மரத்தின் பக்கம், அதாவது ரோசாவுக்குப் பின்னால் உள்ள நிழலில், பூவை எதிர்பார்க்காதீர்கள், இலையழகை வையுங்கள். மருள், பன்னம், கலேடியம். பச்சைப் பின்னணி இருந்தால் ஒரே ஒரு ரோசாப் பூவும் கண்ணில் படும். கலேடியத்தைச் சிறுபிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்க்க வேண்டும், வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும்.

வெயில் பக்கம், ரோசாவுக்கு முன்னால், பட்டிப்பூ. நித்தியகல்யாணி என்றால் சிலருக்கு விளங்கும். மணலுக்கும் கச்சானுக்கும் அஞ்சாத செடி, ஆடும் மாடும் தொடாது. அதற்குப் பிடிக்காதது மாரித்தண்ணீர் மட்டுமே. நவம்பரில் அழுகிவிடும், பெப்ரவரியில் விதையிலிருந்து தானாக வரும். மற்றவற்றையெல்லாம் ஒக்டோபரில் முதல் மழை விழுந்ததும் நடுங்கள், கோடை வருமுன் வேர்பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும்.

செவ்வந்தி வச்சா ரோசாவுக்குப் பூச்சியே வராது எண்டு யூடியூப்பில சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை, அதுவும் மண்ணுக்குள்ளே. மணல் நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு. வேரில் சிறுசிறு கட்டிகள் வரும், கண்டு காரணமில்லாமல் மஞ்சளித்து நோஞ்சானாகும். துலுக்கச் செவ்வந்தி வேரில் உள்ள சாறு அந்தப் புழுவைக் குறைக்கும். ஆனால் ரோசாவுக்குப் பக்கத்தில் நாலு கண்டு நட்டால் போதாது. ரோசா வைக்கப்போகும் இடம் முழுக்க முதலில் செவ்வந்தியை நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதம் வளரவிட்டு, அப்படியே கொத்திப் புதைத்துவிட்டுப் பிறகு ரோசா வைப்பதுதான் பயன்.

மண்ணுக்கு மேலே இருக்கும் பூச்சிக்கு அது மருந்தல்ல. சொல்லப்போனால் கோடையில் செஞ்சிலந்திப் பூச்சி முதலில் ஏறுவது செவ்வந்தியில்தான், அங்கிருந்து ரோசாவுக்கு இரண்டடி தூரம். நிழலில் வைத்தால் பூக்கவும் மாட்டாது, கோலாட்டக் கம்பு மாதிரி நீளும். வைப்பதென்றால் பட்டிப்பூவுக்குச் சொன்ன இடத்தில், முழு வெயிலில் வையுங்கள்.

கனகாம்பரம் நிழலுக்கும் பூக்கும்தானே, அத ஏன் சொல்லல்ல?

வேண்டுமென்றே விட்டேன். கனகாம்பரம் அரைநிழலில் அழகாகப் பூக்கும், நானும் ஒரு காலம் எல்லாருக்கும் அதையே கொடுத்தேன். மேலே சொன்ன நூற்புழுவுக்கு அது விருந்துச்சாப்பாடு. ரோசாவின் காலடியில் கனகாம்பரம் வைத்தால் புழுவை வளர்த்து விருந்துக்கு அனுப்புகிற மாதிரி. என்னுடைய இரண்டு சிவப்பு ரோசாக்கள் நோஞ்சானாகிச் செத்தபிறகு, பக்கத்தில் நின்ற கனகாம்பரத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் மிளகு கோர்த்ததுபோல முடிச்சு. காசித்தும்பையும் அப்படித்தான். இரண்டையும் சாடியில் வையுங்கள், தரையில் வேண்டாம். களிமண்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு.

உள்ளி, வெங்காயம் நடலாமா? அந்த மணத்துக்கு அசுவினி ஓடிருமாமே.

உள்ளி நம் வெக்கைக்குப் பூடு வைக்காது. வெங்காயத்துக்கு முழு வெயில் வேண்டும். அசுவினி ஓடியதை நான் கண்டதில்லை. விரலால் நசுக்கிவிட்டுத் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் ஓடும்.

எங்கட வளவில வாப்பா வச்ச பலா நிக்குது, பின்னால புளி ஒண்டும் நிக்குது. எதுக்குக் கீழ வைக்கிற?

இரண்டுக்கும் வேண்டாம். பலாவும் ஈரப்பலாவும் மழைகூட நேரே விழாத அடர்நிழல். புளிக்குக் கீழே ஒன்றும் முளைக்காது என்பது பழைய பேச்சு. பேய்க்கதையை விட்டுவிட்டாலும் அதில் சங்கதி உண்டு: புளியிலையிலும் பட்டையிலும் இருந்து இறங்கும் சாறு சில பயிர்களின் முளையை மட்டுப்படுத்தும். நிழலும் வேரும் அதைவிடப் பெரிய காரணம். அந்த மரங்களுக்குக் கீழே கதிரை போட்டு இருங்கள்.

ரோசாவோடு ஒத்துப்போகிற மரம் முருங்கைதான், இலை சிறிது, வெயில் வடிகட்டி விழும். மயிர்க்கொட்டி பருவத்தில் மட்டும் கவனம், மேலேயிருந்து விழுந்தால் இலையைவிட உங்கள் கழுத்துக்குத்தான் ஆபத்து. வயதேறிய உயர்ந்த தென்னையும் பரவாயில்லை, தண்டிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி. அதன் வேர்களில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள்ளேதான் நெருங்கிக் கிடக்கும். ஓலையும் தேங்காயும் எங்கே விழும் என்று அண்ணாந்து பார்த்துவிட்டு நடுங்கள். மாவும் வேம்பும் இடைத்தரம், விளிம்பில் சமாளிக்கலாம்.

வேப்பமரத்துக் கொப்பத் தறிச்சா வெயில் வரும். அம்மா தொட விடுறாவே இல்ல, அம்மன் இருக்கிற மரமாம். என்னகா செய்யிற?

அம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு உங்கள் மரத்தில்தானே ஊரே வேப்பிலை ஒடிக்கிறது? அந்தக் குழைகளைக் கிழக்குப் பக்கத்துத் தாழ்கொப்புகளில் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று வைகாசி போனால் ரோசாவுக்குத் தேவையான வாசல் திறந்துவிடும், மரம் தறித்த பழியும் இல்லை.

மாமரத்துக்கு இந்தச் சங்கடம் கிடையாது. காய் முடிந்தபின், ஒக்டோபருக்கு முன், தாழ்ந்த கொப்புகளை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிவிடலாம். ஒரே வருடத்தில் காற்பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியைப் பார்த்த எங்கள் அப்பா, மாரிக்குமுன் கூரைப்பக்கக் கொப்பை இறக்காமல் ஒரு வருடமும் விட்டதில்லை. அவருக்குக் கூரைக் கவலை. ரோசாவுக்கு அதிலே ஆதாயம்.

மரத்தச் சுத்திக் கல்லுக் கட்டி, நல்ல மண் நிரப்பி, அதுக்குள்ள நட்டா?

படத்தில் அழகாக இருக்கும். தண்டைச் சுற்றி மண் ஏற்றினால் பட்டை ஈரத்தில் அழுகும், கறையான் ஏறும், கீழே இருக்கும் வேருக்கு மூச்சு முட்டும். அதுவுமல்லாமல் நீங்கள் ரோசாவுக்குப் போட்ட நல்ல மண்ணுக்கு மரத்தின் வேர் மேலேறி வரும், ரோசாவுக்கு மிஞ்சாது.

மண் போதாதென்றால் பெரிய சாடி. வாயகலம் ஒன்றரை அடியாவது வேண்டும். நிலத்தில் நேரே வைத்தால் அடித்துளை வழியாக மரவேர் உள்ளே புகுந்துவிடும், நான் ஒரு சாடியைத் தூக்க முடியாமல் அலவாங்கு போட்டுக் கிளப்பியிருக்கிறேன். மூன்று செங்கல்லின்மேல் ஏற்றி வையுங்கள். தரையிலேயே நடுவதென்றால் குழி தோண்டும்போது பெருவிரல் தடிப்புக்கு மேற்பட்ட வேரை வெட்ட வேண்டாம், குழியை நகர்த்துங்கள்.

தண்ணி ஊத்தி ஊத்திக் கை ஓஞ்சு போச்சு. அப்பவும் வாடுது.

நீங்கள் ஊற்றுவதை மரம் குடிக்கிறது. மேலாக ஒரு வாளி ஊற்றுவதைவிட, ரோசாவிலிருந்து ஒரு சாண் தள்ளி அடியில் சிறுதுளையிட்ட மண்முட்டியொன்றைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, சிரட்டையால் மூடிவிடுங்கள். மெல்ல மெல்லக் கசியும். நடும்போது குழியின் அடியில் நனைத்த பொச்சுமட்டை இரண்டு வரிசை போட்டிருந்தால் இன்னும் நல்லது. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை ஆழமாக ஊற்றினால் போதும். மணலில் கடும் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள்.

ஓகஸ்ட், செப்டெம்பரில் வாவிக்குக் கிட்டவும் கடலுக்குக் கிட்டவும் உள்ள கிணறுகளில் சவர் ஏறும். இலை விளிம்பு கருகி, சாடியின் வாயில் வெள்ளையாகப் பூத்தால் அதுதான். ரோசா உப்புத் தாங்காத செடி. அந்த இரண்டு மாதம் குழாய்த்தண்ணீரைக் கொடுங்கள். கற்பூரவள்ளிக்கும் பட்டிப்பூவுக்கும் கிணற்றுத் தண்ணீர் போதும்.

தேயிலைச் சக்கை போடலாமா?

போடலாம், ஒரு பிடி. பாலும் சீனியும் போட்டு ஊற்றிய சக்கை வேண்டாம், எறும்பு குடிவந்துவிடும். 2021இல் இரசாயனப் பசளை இல்லாமல் போனபோது முட்டைக்கோது, வாழைப்பழத்தோல் என்று ஊரே எல்லாவற்றையும் பரீட்சித்தது. என் அனுபவத்தில் ஆறிய மாட்டெருவையும் ஆட்டுப்புழுக்கையையும் எதுவும் தோற்கடிக்கவில்லை. நிழலோரத்து ரோசாவுக்கு யூரியா வேண்டவே வேண்டாம், இலைதான் கொழுக்கும்.

ரோசா இலையில கரி பூசின மாதிரிக் கிடக்கு. நீங்க சொன்ன கரும்புள்ளி இதுதானா?

ஈரவிரலால் துடைத்துப் பாருங்கள். கரி கையோடு வந்தால் அது ரோசாவின் நோயே அல்ல, மாமரத்திலிருந்து விழுந்தது. மாம்பூக் காலத்தில் தத்துப்பூச்சிகள் மேலே சாறு குடித்துத் தேன்போல ஒரு பிசினைச் சொட்டும், அந்தப் பிசினில் கரும்பூஞ்சணம் படரும். கற்பூரவள்ளியிலும் மதிலிலும்கூட அதே கரி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சந்தேகமில்லை. இலையைக் கழுவிவிட்டால் போதும்.

துடைத்தும் போகாமல், வட்டமான கருப்புப் பொட்டாக, சுற்றிலும் மஞ்சளாக இருந்தால்தான் கரும்புள்ளி. அந்த இலைகளையும் கீழே விழுந்தவற்றையும் பொறுக்கி எரியுங்கள்; கூட்டெருவில் போடாதீர்கள். தரையை மூடும் செடியைக் கொஞ்சம் விலக்கி உள்ளே கிடக்கும் இலையையும் எடுக்க வேண்டும், துணைச்செடியால் வரும் ஒரே தொந்தரவு இது.

கீழ அடர்த்தியா வளத்தா பாம்பு வரும், நுளம்பு வரும் எண்டு வீட்டில ஏசுறாங்க.

பாம்புக் கதையில் நியாயமுண்டு, ஆனால் பாம்பு தேடுவது செடியை அல்ல, எலியையும் தவளையையும். கணுக்காலுக்கு மேலே போகாமல் வெட்டி வைத்தால், கை விடுகிற இடம் கண்ணுக்குத் தெரிந்தால், பயமில்லை. மாரியில் நத்தைதான் நிச்சயமாக வரும். இரவு 8 மணிக்கு டோர்ச்சும் வாளியுமாக ஒரு சுற்று.

நுளம்பு செடியில் பெருகாது, தேங்கிய தண்ணீரில் பெருகும். சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். முட்டியை மூடிய சிரட்டை கவிழ்ந்தபடி இருக்கட்டும், மல்லாந்தால் அதுவே பண்ணை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து காட்டும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஹக்கலைப் பூங்காவில பெரிய மரங்களுக்குக் கிட்டவே ரோசா அப்பிடிப் பூத்து நிக்குதே?

நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள ஹக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே ரோசாவுக்குச் சொந்த ஊர் மாதிரி. பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு வழியில் பெரிய பூவோடு ஒரு கண்டை வாங்கிவந்து மாமரத்தடியில் வைத்தால், முதல் பூக்களோடு நின்றுவிடும். அதை ஒரு மாதம் சாடியில் காலை வெயிலில் பழக்கிவிட்டு, பிறகு கிழக்கு விளிம்புக்குக் கொண்டுவாருங்கள்.

எங்கட அம்மம்மா மாமரத்தடியிலயே ஆறு வருசமா ரோசா வச்சிருக்கா, கொத்துக் கொத்தாப் பூக்குது. நீங்க சொல்றதெல்லாம் பிழையா?

இதைக் கேட்ட தங்கச்சி காரைதீவு. ஒரு கலியாணத்துக்குப் போன கையோடு அந்த வளவையும் எட்டிப் பார்த்தேன். ரோசா நின்றது மாவின் கிழக்கே, ஒரு கொப்பு முறிந்துபோன இடைவெளிக்கு நேர் கீழே. பத்தடியில் கிணற்றடி, குளித்த தண்ணீர் ஓடிவரும் கானோரம் முழுக்க வல்லாரை. ரோசாவின் அடியில் ஒரு சாண் வெறுமை, ஆட்டுப்புழுக்கை மட்டும். பன்னீர் ரோசாதான்.

"இதெல்லாம் ஆர் சொல்லித் தந்த?" என்று அம்மம்மாவைக் கேட்டேன். "ஒருத்தரும் சொல்லல்ல மனே, மற்ற மூணு இடத்தில வச்சுச் செத்துப் போச்சு" என்றார். இரண்டு பதியக்கொப்பு வெட்டித் தந்தார். ஒன்று பிடித்திருக்கிறது, விற்பனைக்கு இல்லை.